பிள்ளையின் மரபணுவில் ஓட்டம் இருக்கிறதா? மைதானத்தில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாரநாட்களில் வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன், சனி ஞாயிறு விடியக்காலையில் டொரிங்டன் மைதானத்தில் கொஞ்சப் பிள்ளைகளுக்கு ஓட்டமும் பாய்ச்சலும் பழக்குகிறேன். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பதால், மரபணு பற்றிய கேள்வி எது வந்தாலும் என் தலையில்தான் விழும். போன வருடம் ஒரு தந்தை, மகனின் எச்சிலை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு அனுப்பி எடுப்பித்த அறிக்கையை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சேர், இவனை 100 மீற்றரில் விடுவதா, 1500இல் விடுவதா?" என்று கேட்டார். பையனுக்கு வயது 11. அதற்குப் பிறகு அதே மாதிரிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் நோகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டுத் திறமை பிறப்பிலேயே வருவதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தை என்றால் "பாதி". ஆனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல விடுங்கள்.

2007இல் பிரித்தானியாவில் பெண் இரட்டையர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. போட்டி மட்டத்தில் விளையாடுபவராக இருப்பதில் ஆளுக்காள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 66 சதவீதம் பரம்பரையோடு சேர்ந்து போகிறது என்று அதில் கணக்குப் போட்டார்கள். இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் மகளின் ஓட்டத்தில் 66 பங்கு அம்மா அப்பா தந்தது, மிச்சம் 34 பங்கு கோச் தந்தது என்று அர்த்தம் இல்லை. அந்த எண் ஒரு கூட்டத்துக்கான கணக்கு, ஒரு தனி ஆளுக்கானது இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மைதானம், ஒரே நித்திரை கொடுத்துவிட்டு அளந்தால் அந்த எண் கூடும், பாதிப் பேர் காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் இடத்தில் அளந்தால் குறையும்.

உயரத்தை எடுங்கள். நல்ல சாப்பாடு கிடைக்கும் நாடுகளில் உயர வித்தியாசத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பரம்பரை. 2022இல் 54 லட்சம் பேரின் டிஎன்ஏ தரவைச் சேர்த்துப் பார்த்தபோது உயரத்தோடு தொடர்புள்ள மாற்றங்கள் 12,000க்கு மேல் கிடைத்தன. ஒரு அடிமட்டத்தால் அளக்கக்கூடிய உயரத்துக்கே இத்தனை ஆயிரம் இடம் என்றால், தசை, தசைநாண், இதயம், நரம்பு, பயம், பிடிவாதம் எல்லாம் சேர்ந்த ஒரு 400 மீற்றர் ஓட்டத்துக்கு எத்தனை இடம் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

"வேக மரபணு" என்று சொல்கிறார்களே, அது என்ன?

அதன் பெயர் ஏசிடிஎன்3. விற்பனைக்கு வரும் விளையாட்டு டிஎன்ஏ பரிசோதனைகளில் அநேகமாக முதல் பக்கத்தில் நிற்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் தசையில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் களைக்காமல் வேலை செய்யும் இழைகளும் உண்டு, சட்டென்று பலமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் இழைகளும் உண்டு. இந்த இரண்டாவது வகையில் மட்டும் ஆல்ஃபா ஆக்டினின் 3 என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்வதற்கான குறிப்புத்தான் இந்த மரபணு. சிலருக்கு அந்தக் குறிப்பின் நடுவே ஒரு எழுத்து மாறி, "இங்கே நிறுத்து" என்ற கட்டளை வந்துவிடுகிறது, புரதம் முழுமையாக உருவாவதில்லை. வேலை செய்யும் பிரதியை ஆர் என்றும், நின்றுபோன பிரதியை எக்ஸ் என்றும் குறிப்பார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று வருவதால் ஆர்ஆர், ஆர்எக்ஸ், எக்ஸ்எக்ஸ் என்று மூன்று விதம். எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் புரதம் அறவே இல்லை. அப்படி உலகத்தில் நூறு கோடிக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு நோயும் இல்லை.

2003இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்த நாட்டு உயர்மட்ட வீரர்களைப் பார்த்தபோது, சாதாரண ஆட்களில் எக்ஸ்எக்ஸ் சுமார் 18 சதவீதம் இருக்க, வேகமும் பலமும் தேவைப்படும் விளையாட்டுக்காரரில் அது 6 சதவீதம்தான் இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் இதே போக்கு தென்பட்டது, ஆக விஷயம் பொய் இல்லை. 100 மீற்றர் இறுதிப் போட்டியில் ஓடும் எட்டுப் பேரில் எக்ஸ்எக்ஸ் ஆளைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஆசிய மக்களில் எக்ஸ்எக்ஸ் ஏறக்குறைய 25 சதவீதம் என்று வைத்தால், 40 பேர் இருக்கும் வகுப்பில் 30 பேரிடம் "வேக மரபணு" இருக்கிறது! அந்த 30 பேரில் பாடசாலை அஞ்சலோட்ட அணிக்குப் போகிறவர்கள் நாலு பேர். இன்னும் ஒரு வேடிக்கை: கென்யாவில் எக்ஸ்எக்ஸ் வெறும் 1 சதவீதம் அளவுதான், அதாவது கிட்டத்தட்ட எல்லோரிடமும் வேக மரபணு இருக்கிறது, அந்த நாடோ மரதன் ஓட்டக்காரர்களால் பெயர் பெற்ற நாடு. ஓட்ட வேகத்தில் ஆளுக்காள் உள்ள வித்தியாசத்தில் இந்த மரபணு விளக்குவது இரண்டு மூன்று சதவீதம்தான்.

என் மகனுக்கு எக்ஸ்எக்ஸ் என்று வந்திருக்கிறது. குறுந்தூரத்தை விட்டுவிட்டு நெடுந்தூரத்துக்கு மாற்றவா?

வேண்டாம். எக்ஸ்எக்ஸ் உள்ள ஒரு ஸ்பானிய நீளம் பாய்தல் வீரர் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். உங்கள் மகனுக்கு 100 மீற்றரில் ஆசை இருந்தால் கைக்கடிகாரத்தை எடுத்து 30 மீற்றர் ஓடவிட்டுப் பாருங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். செலவு ஒன்றுமில்லை, எச்சில் பரிசோதனையைவிட அதிகம் சொல்லும்.

அறிக்கையில் ஏசிஇ என்று இன்னொன்றும் இருக்கிறதே?

அது இரத்த அழுத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு நொதியின் மரபணு. 1998இல் பிரித்தானிய மலையேறிகளில், ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் 7,000 மீற்றருக்கு மேல் ஏறியவர்களிடம் அதன் ஒரு வடிவம் அதிகமாக இருந்தது என்று கண்டார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகள் ஆமாம் என்றும் இல்லை என்றும் மாறி மாறிச் சொல்கின்றன. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்.

அப்படியென்றால் ஒரே ஒரு மரபணு யாரையும் வீரராக்கியதே இல்லையா?

ஆக்கியிருக்கிறது, ஆனால் விரல்விட்டு எண்ணலாம். பின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா 1960களில் பனிச்சறுக்கு நெடுந்தூர ஓட்டத்தில் மூன்று தங்கம் உட்பட ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் எடுத்தவர். இரத்தத்தில் ஏதோ களவு செய்கிறார் என்ற சந்தேகம் அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. 1990களில்தான் விடை கிடைத்தது: சிவப்பணு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஈபீஓ என்ற ஹோர்மோனை ஏற்கும் மரபணுவில் அவருக்கு ஒரு மாற்றம், அதனால் ஹீமோகுளோபின் லீற்றருக்கு 200 கிராமைத் தாண்டி நின்றது, சாதாரண ஆண்களுக்கு அது 140இலிருந்து 175 வரை. குடும்பத்தில் பலருக்கு இதே மாற்றம் இருந்தது. ஆனால் அந்த மாற்றம் இருந்த எல்லோரும் ஒலிம்பிக் போகவில்லை.

இன்னொன்று, தசை வளர்ச்சிக்கு பிரேக் போடும் மயோஸ்டற்றின் என்ற புரதம். அதன் மரபணு இரண்டு பிரதியும் வேலை செய்யாமல் ஜேர்மனியில் ஒரு குழந்தை பிறந்ததை 2004இல் டொக்டர்கள் அறிவித்தார்கள், பிறக்கும்போதே தொடையில் தசை புடைத்திருந்தது, தாய் முன்னாள் ஓட்ட வீராங்கனை. இதே மரபணுவில் மாற்றம் உள்ள விப்பெட் இன ஓட்ட நாய்களைப் பற்றி நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். மாறிய பிரதி ஒன்று இருந்தால் நாய் மற்ற நாய்களைவிட வேகமாக ஓடும், இரண்டும் மாறியிருந்தால் உடம்பு பயில்வான் மாதிரி உருண்டுவிடும். ஓட்டத்தில் அதை யாரும் விரும்புவதில்லை.

ஒரே கோச், ஒரே பயிற்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னேறுகிறது, என் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறதே, ஏன்?

இது நல்ல கேள்வி, இதற்கு ஓரளவு விடையும் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990களில் நடந்த ஹெரிட்டேஜ் என்ற குடும்ப ஆய்வில், முன்பு பயிற்சியே செய்யாத ஆட்களைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து, 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசன் அளவு சராசரியாக 400 மில்லிலீற்றர் கூடியது. ஆனால் சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லீற்றருக்கு மேல் கூடியது. கூடாதவர்கள் ஒரே குடும்பங்களிலும் கூடியவர்கள் வேறு குடும்பங்களிலும் சேர்ந்து நின்றார்கள், இந்த வித்தியாசத்தில் பாதிக்குக் கிட்ட பரம்பரை என்று முடிவு வந்தது.

ஆக, தொடக்கத்தில் எவ்வளவு திறமை என்பது ஒன்று, பயிற்சிக்கு உடம்பு எப்படி இசைகிறது என்பது வேறொன்று. முதல் நாள் கடைசியாக வந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் முன்னால் நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பயிற்சி ஒத்துவரவில்லை என்றால் பயிற்சியை மாற்றிப் பார்ப்பதுதான் கோச்சின் வேலை, பிள்ளையை மாற்றச் சொல்வது இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நித்திரையைக் கேளுங்கள். இரவு பத்து மணி வரை ரியூஷன், விடிய நாலரைக்கு எழுப்பி மைதானம் என்றால் எந்த மரபணுவும் உதவாது.

நம் ஆட்களுக்கு உடல்வாகு இல்லை என்கிறார்கள். தமிழருக்கு, இலங்கையருக்கு மரபணு குறைவா?

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, இலங்கைக்கு ஆசியப் போட்டிகளில் முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைட் 400 மீற்றர் தடை தாண்டலில் வெள்ளி. 2000 சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் மூன்றாவதாக வந்து, முதலாவது வந்தவர் ஊக்கமருந்தால் பதக்கம் இழந்த பிறகு வெள்ளிக்கு உயர்ந்தார். 2022 ஜூலை 3ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடினார், 10 செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியர் அவர். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீற்றர், எந்த நாட்டு அணியும் அண்ணாந்து பார்த்த உயரம்.

"அவர்கள் விதிவிலக்கு" என்பீர்கள். உயர்மட்ட வீரர் என்றாலே, எந்த நாட்டிலும், விதிவிலக்குத்தானே? மனிதரின் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பது 1972இலிருந்து தெரிந்த விஷயம். கொட்டாஞ்சேனையில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவிலேயே வேண்டிய அளவு வித்தியாசம் உண்டு. தெற்காசியரின் உடலில் அதே எடைக்குத் தசை கொஞ்சம் குறைவாகவும் கொழுப்பு கொஞ்சம் அதிகமாகவும் இருப்பது சராசரியில் உண்மைதான். சராசரி ஆள் ஒலிம்பிக் ஓடப் போவதில்லை.

யமெய்க்காவைப் பார்க்கும்போது எல்லோரும் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே 1910இலிருந்து "சாம்ப்ஸ்" என்ற பாடசாலை மெய்வல்லுநர் போட்டி நடக்கிறது, முப்பது லட்சத்துக்கும் குறைந்த ஆட்கள் உள்ள நாட்டில் தேசிய விளையாட்டரங்கு நிரம்பி வழியும், 16 வயதுப் பையனின் நேரத்தைக் கடைக்காரரும் மனப்பாடமாகச் சொல்வார். நமக்கும் சேர் ஜோன் டாபட் போட்டி இருக்கிறது. சுகததாச அரங்கில் பிள்ளைகள் ஓடும்போது பார்வையாளர் பக்கத்தில் அநேகமாக ஆசிரியர்களும் தண்ணீர்ப் போத்தலோடு அம்மாமாரும்தான். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் வருடத்தில் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதி காணாமல் போய்விடும். அதையும் மரபணு என்று சொல்வதா?

12 வயதில் எல்லாப் போட்டியிலும் முதலாவது. இது மரபணு தானே?

இருக்கலாம். ஆனால் அதைவிட அதிகமாகச் சாத்தியம் உள்ள ஒன்று உண்டு: பிள்ளை சீக்கிரம் வளர்ந்துவிட்டது.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். விளையாட்டில் இந்தப் பழமொழி நம்மை நன்றாக ஏமாற்றும். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதளவிலும் ஆண் பிள்ளைகள் 14 வயதளவிலும் வேகமாக உயரும் கட்டத்துக்கு வருகிறார்கள், ஆனால் அது ஒரு பிள்ளைக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தும், இன்னொன்றுக்கு ஒன்றிரண்டு வருடம் பிந்தும். 13 வயதுப் பையன்கள் எட்டுப் பேரைத் தொடக்கக் கோட்டில் நிறுத்தினால் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிற்பான். பிறந்தநாள் ஒன்றாக இருந்தாலும் உடம்பின் வயதில் நாலு ஐந்து வருடம் வித்தியாசம் இருக்கலாம். போதாததற்கு நம் பாடசாலைப் போட்டிகள் 12, 14, 16, 18, 20 வயதுக்குக் கீழ் என்று இரண்டு வருடத்துக்கு ஒரு பிரிவாகப் போகின்றன. ஒரே பிரிவில் இரண்டு வருடம் மூத்த பிள்ளையோடு இளைய பிள்ளை ஓடவேண்டியிருக்கும். கனடாவில் ஐஸ் ஹொக்கி அணிகளில் வருடத் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருப்பதை 1980களிலேயே கண்டுபிடித்தார்கள். ஜனவரியில் பிறப்பதற்கு மரபணு கிடையாது.

எனக்கு இது புரியக் காலம் எடுத்தது. பழக்கத் தொடங்கிய புதிதில் ஒரு பையன் 12 வயதுக்குக் கீழ் பிரிவில் யாரும் பக்கத்தில் வர முடியாத மாதிரி ஓடினான். நான் அவனை அடுத்த சுசந்திகா என்ற மாதிரி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். பதினைந்து வயதில் மற்றப் பையன்கள் வளர்ந்து வந்து அவனைத் தாண்டியபோது, தன்னில் ஏதோ பிழை என்று நினைத்து ஓட்டத்தையே விட்டுவிட்டான். வளர்ச்சி முந்தியதால் வந்த வெற்றி அது என்று நான் முதலே அவனுக்கும் வீட்டுக்கும் விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். அதே வயதில் எப்போதும் ஆறாவது ஏழாவது வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பையனை நான் கவனிக்கவே இல்லை. அவன் 17 வயதில் பாடசாலை அணித் தலைவன்.

இப்போது நான் செய்வது சுலபமான வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுச் சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறித்து அனுப்பச் சொல்கிறேன். வருடத்துக்கு எட்டுப் பத்து சென்ரிமீற்றர் வேகத்தில் ஏறத் தொடங்கினால் அந்தப் பருவத்தில் பாய்ச்சலையும் கடும் ஓட்டத்தையும் குறைப்பேன், ஏனென்றால் எலும்பு முந்தி நீண்டு தசைநாண் இழுபடுவதால் முழங்காலுக்குக் கீழே நோவு வருவது அந்தக் காலத்தில்தான். ஓட்டமும் கொஞ்ச நாள் அலங்கோலமாகும், கால் நீண்டதை மூளை கணக்கில் எடுக்க நேரம் எடுக்கும். திட்டாதீர்கள்.

எவ்வளவு உயரம் வருவான் என்று அறிய ஆசையென்றால், அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி, ஆண் பிள்ளைக்கு 13 சென்ரிமீற்றர் சேர்த்து, பெண் பிள்ளைக்கு 13 கழித்து, இரண்டால் பிரியுங்கள். எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் மேலேயோ கீழேயோ போகலாம். இதுவும் ஒரு மரபணுப் பரிசோதனைதான், இலவசம்.

எத்தனை வயதில் ஒரே விளையாட்டில் இறக்கலாம்?

ஓட்டம் பாய்ச்சலுக்கு 15க்கு முன் அவசரம் இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் கொஞ்சம் முந்தும். அதுவரை கிரிக்கெட், வலைப்பந்து, காலிமுகத்திடலில் பட்டத்துக்குப் பின்னால் ஓடுவது எல்லாமே பயிற்சிதான்.

இந்தப் பரிசோதனையைச் செய்வதில் என்ன நட்டம்? காசுதானே?

காசு மட்டும் இல்லை. 2008இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு கம்பனி, முன்பு சொன்ன ஏசிடிஎன்3ஐ மட்டும் பார்த்துச் சொல்ல 149 டொலர் வாங்கத் தொடங்கியது, சின்னஞ்சிறு பிள்ளைகளின் பெற்றோர்தான் குறி. 2014இல் உஸ்பெகிஸ்தான் அரசே பிள்ளைகளை டிஎன்ஏ பார்த்து விளையாட்டுக்குத் தெரிவு செய்யப்போவதாக அறிவித்தது. அடுத்த வருடம், 2015இல், பல நாட்டு விளையாட்டு மரபியல் நிபுணர்கள் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ ஆய்விதழில் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகளிலும் இளம் வீரர்களிலும் திறமை தேடவோ பயிற்சியை மாற்றவோ இந்த நேரடி விற்பனைப் பரிசோதனைகளைப் பயன்படுத்தவே கூடாது என்பது அதன் சாரம். நிபுணர்கள் கூடினால் "ஒருவேளை", "ஆனாலும்" என்று இழுப்பார்கள், இதில் இழுக்கவில்லை.

அடுத்தது, அந்த எச்சிலில் உங்கள் பிள்ளை மட்டும் இல்லை, நீங்களும் உங்கள் சகோதரங்களும் இருக்கிறீர்கள். கடவுச்சொல்லை மாற்றலாம், டிஎன்ஏயை மாற்ற முடியாது. 23அண்ட்மீ என்ற பெரிய கம்பனியில் 2023இல் 69 லட்சம் பேரின் தகவல் களவு போனது, 2025 மார்ச்சில் அது வங்குரோத்துக்கு விண்ணப்பித்தபோது அத்தனை தரவும் யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்தது. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையில் வைத்திருக்கிறது. எச்சில் விமானத்தில் ஏறிப் போன பிறகு அதைக் காட்டி வாதாடுவது வேறு கதை.

மூன்றாவது நட்டத்தை நான் கண்ணால் கண்டேன். மேலே சொன்ன அந்த 11 வயதுப் பையன் ஒரு நாள் ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "சேர், எனக்கு ஸ்பீட் ஜீன் இல்லையாம்" என்றான். அப்போதுதான் தன் சொந்த நேரத்தில் மிகச் சிறந்ததை ஓடியிருந்தான்.

அப்படியானால் எந்த மரபணு விஷயமும் பார்க்கத் தேவையில்லையா?

தேவை இருக்கிறது, ஆனால் பதக்கத்துக்காக இல்லை. இரண்டு விஷயம், இரண்டையும் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள்.

முதலாவது இதயம். இதயத்தசை தடித்துப்போகும் ஒரு பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு, இளம் விளையாட்டுக்காரர் மைதானத்தில் திடீரென்று விழுந்து இறப்பதற்கான முக்கிய காரணங்களில் அதுவும் ஒன்று. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தார்களா? பிள்ளை ஓடும்போதே மயங்கி விழுந்ததா, ஓடும்போது நெஞ்சு நொந்ததா, மற்றப் பிள்ளைகளைவிட அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு இதயநோய் நிபுணரிடம் போங்கள். ஈசிஜியும் எக்கோவும்தான் முதலில், மரபணுப் பரிசோதனை அதற்குப் பிறகு, டொக்டர் சொன்னால் மட்டும். கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது, இப்படியான ஆலோசனைக்கு அதுபோன்ற இடம்தான் சரி, இணையக் கடை சரிவராது.

நம் ஆட்களுக்கென்று ஒரு விசேடமும் உண்டு. எம்வைபிபிசி3 என்ற இதய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியரில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேரிடம் இருக்கிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது, மதுரை ஆய்வாளர்களுக்கும் அதில் முக்கிய பங்கு உண்டு. பிற்காலத்தில் இதயம் பலவீனமாகும் ஆபத்தை இது கூட்டுவதாக அப்போது சொன்னார்கள். பின்னர் வந்த வேலைகள், அந்த மாற்றத்தோடு ஒட்டிவரும் இன்னொரு மாற்றமும் சேர்ந்தால்தான் கூடிய சிக்கல் என்ற பக்கம் சாய்கின்றன. இதைச் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் வாழ்பவர்கள் ஏராளம், அதனால் இதைப் படித்துவிட்டுப் பயந்து பிள்ளையை வீட்டில் பூட்டாதீர்கள்.

இரண்டாவது இரத்தம். பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, முன்பு ஓடிய நேரத்தை இப்போது எட்ட முடியாமல் களைக்கிறாள் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச்சத்துக் குறைவு. ஆனால் இலங்கையில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களும் கணிசம். அவர்களுக்கு நோய் இல்லை, இலேசான குருதிச்சோகை மட்டும் இருக்கும். இரத்தப் பரிசோதனைத் தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்துப் பயன் இல்லை. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள், அது சரியாக இருந்தும் சிவப்பணு சின்னதாக இருந்தால் தலசீமியாப் பரிசோதனையைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பிற்காலத்தில் கலியாணம் பேசும்போதும் இந்தத் தகவல் வேண்டும், இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று.

பெண்கள் போட்டிக்கு இப்போது மரபணுச் சோதனை கட்டாயமா?

உலகத் தடகளச் சம்மேளனம் 2025 செப்டெம்பர் 1இலிருந்து உலகத் தரவரிசைப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு எஸ்ஆர்வை மரபணுச் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து அல்லது இரத்தம் எடுத்து, வாழ்நாளில் ஒரு தடவை. அந்த மரபணு வழக்கமாக ஆண்களின் வை நிறமூர்த்தத்தில் இருப்பது. பாடசாலைப் போட்டிகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. புதுக்கோட்டைச் சாந்தி சவுந்தரராஜனை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீற்றரில் வெள்ளி எடுத்தார், பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. 1996 அட்லாண்டாவில் சோதித்த 3,387 பெண்களில் எட்டுப் பேருக்கு இதே மாதிரி முடிவு வந்தும், எட்டுப் பேரும் விளையாட அனுமதிக்கப்பட்டார்கள். பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்த 17 வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு முடிவு வந்தால், அதை முதலில் கேட்க வேண்டியவர்கள் அவளும் அம்மா அப்பாவும் ஒரு நல்ல டொக்டரும் மட்டும்தான். விதி என்னவாக இருந்தாலும், அந்தக் காகிதம் அதிகாரிகளின் வட்ஸ்அப் குழுவில் சுற்றக் கூடாது.

ஊசி போட்டு மரபணுவை மாற்றலாமாமே?

நோயாளிகளுக்கு மரபணுச் சிகிச்சை வந்துவிட்டது. விளையாட்டுக்கு அது 2003இலிருந்தே ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. யாராவது அப்படி எதையாவது உங்களுக்கு விற்க வந்தால் அது பொய், அல்லது ஆபத்து, அல்லது இரண்டும்.

நானும் கணவரும் பாடசாலையில் இல்ல மெய்வல்லுநர் போட்டியில்கூட ஓடியதில்லை. மகளிடம் என்ன எதிர்பார்ப்பது?

நீங்கள் ஓடவில்லை என்பதால் ஓட முடியாது என்று எப்படித் தெரியும் அக்கா? உங்கள் காலத்தில் உங்களை யாராவது ஓடவிட்டார்களா? தவிர, இரண்டு சீட்டுக்கட்டையும் கலைத்துப் பாதிப் பாதி எடுத்துத்தான் பிள்ளைக்குப் போகிறது, உங்கள் இருவர் கையிலும் சேராத சீட்டுகள் அவள் கையில் சேரலாம்.

சேர்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, தண்ணீர், தொப்பி, காலுக்குச் சரியான சப்பாத்து. ஸ்பைக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். நான் தரும் படிவத்தில் குடும்பத்தில் இதய நோய் பற்றிய பகுதியை வெறுமையாக விடாமல், அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்டு நிரப்பி வாருங்கள். டிஎன்ஏ அறிக்கை இருந்தால் வீட்டிலேயே வையுங்கள், பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில். அந்தப் பையன் இப்போது 12 முடிந்து 13 நடக்கிறது, 100உம் ஓடுகிறான், 1500உம் ஓடுகிறான், போன மாதம் முதல் நீளம் பாய்தலையும் கேட்கத் தொடங்கிவிட்டான்.